தம்பியின் காலுக்கு ஆள் பிடித்த கதை

எங்கள் தெருப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் நூறில் நிற்க மாட்டார்கள், நூற்று நாற்பத்து நான்கில்தான் நிற்பார்கள். அதுதான் ஒரு குரோஸ். தீப்பெட்டியோ வெடியோ, திருத்தங்கலில் எல்லாமே குரோஸ் கணக்குத்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் நூறோடு நிறுத்திக் கைதட்டச் சொன்னபோது எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

என் தம்பியின் காலையும் நாங்கள் குரோஸ் கணக்கில்தான் சரிசெய்யப் பார்த்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டரை. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன், அதற்குப் பிறகு எதிலும் அவசரம் காட்டவில்லை. உட்காருவான், தவழ்வான், சுவரைப் பிடித்து எழுந்துகொள்வான். ஆனால் நின்றால் குதிகால் தரையில் படாது. இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பின்னிக்கொள்ளும். அவன் வயதுப் பிள்ளைகள் தெருவில் ஓடும்போது இவன் வாசற்படியில் உட்கார்ந்தபடி, "ஏலே, இங்கன வாங்கலே" என்று அதட்டிக்கொண்டிருப்பான். அவர்களும் பயந்து வருவார்கள். வாயில் ஒரு குறையும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளை காலுக்கு அனுப்பும் சேதி சற்றுத் தடுமாறுகிறது, புத்தியில் பழுதில்லை, பயிற்சி கொடுத்தால் நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நாள் கடத்தக் கூடாது, நல்ல பிசியோவாகப் பார்த்துப் பிடியுங்கள் என்றார். நல்ல பிசியோவை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை.

அப்பா அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷினில் இருந்தார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினாள். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். ஆகவே பிசியோ தேடிப் போன இடமெல்லாம் போர்டு வாசிக்கவும் ஃபாரம் நிரப்பவும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் குடும்பத்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் பெருமையில் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு போனேன்.

முதலில் போனது சிவகாசியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இடம். உள்ளே நாலைந்து மிஷின்கள் இருந்தன. அப்பாவுக்கு வாசலிலேயே பிடித்துவிட்டது. தம்பியைத் திரைக்குப் பின்னால் தூக்கிப் போய்விட்டு, எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே அவன் அழுதான். அம்மா இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் கழித்து அந்தப் பிசியோ வெளியே வந்து, வீட்டில் காலை இப்படி மடக்கி நீட்டுங்கள், தினம் பத்துத் தடவை என்று காட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பத்து என்ற எண் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. "பத்துல என்ன ஆகப் போவுது?" என்றார் அப்பா. ஒரு குரோஸ் செய்வது என்று முடிவாயிற்று. அம்மா மடக்கி நீட்டுவாள், நான் எண்ணுவேன், தம்பி அழுவான். முப்பதுக்கு மேல் அவன் குரல் அடுத்த தெருவரை போகும். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கும் பெண்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது, "என்னளா, இன்னைக்குக் குரோஸ் முடிஞ்சுச்சா?" என்று என்னைக் கேட்பார்கள். முடிந்தது என்று கம்பீரமாகச் சொல்வேன். ஒரு நாளும் ஒன்று குறைந்ததில்லை.

மூன்று வாரத்தில் தம்பியின் கால் முன்னைவிட விறைத்துப் போயிற்று.

அடுத்ததாக அப்பா ஓர் ஆளைப் பிடித்து வந்தார். எண்ணெய் பாட்டிலோடு பைக்கில் வீட்டுக்கே வரும் மனிதர். தம்பியின் தொடையில் எண்ணெய் தடவி அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆறே வாரம். ஓட விட்டுருவேன். எழுதி வச்சுக்கோங்க" என்றார். நான் உண்மையாகவே எழுதி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முதல் வருவதாகச் சொல்லிப் போனார். அப்பா அன்று தெருமுனை வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு, திரும்பும்போது எனக்கு மிட்டாய் வாங்கி வந்தார்.

அம்மா தம்பியின் தொடையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "விருதுநகர்ல ஒரு அம்மா பாக்குறாகளாம். எங்கூட சரம் பின்னுற அக்கா சொல்லுச்சு. திங்கக்கெழமைக்கு முன்னால அங்கனயும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்."

"சீசன் நேரத்துல லீவு போடுவியா? போர்மேன் ஒன் எடத்துல வேற ஆளை உக்கார வச்சிருவாரு."

"உக்கார வச்சா வச்சுக்கிடட்டும்."

தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் சொல்லத் துணியாத வாக்கியம் அது. அப்பா என் பக்கம் திரும்பினார். எனக்கு விருதுநகர் எண்ணெய் பரோட்டா வாங்கித் தருவதாக வாக்களித்தார். அதனால் நானும் அந்தப் பயணத்தை முழு மனதோடு ஆதரித்தேன்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மிளகாய் வத்தல் நெடி ஏறித் தம்பி வரிசையாகத் தும்மினான். தும்மிக்கொண்டே போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கும் அப்பாவுக்கும் முகம் விழுந்துவிட்டது. ஒரே ஓர் அறை. தரையில் பாய்கள். ஒரு மூலையில் ரப்பர் பந்துகள். மிஷின் என்று சொல்ல ஒரு மின்விசிறி மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெண்மணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கும்பிட்டு, "டாக்டரம்மா" என்றார். "டாக்டர் இல்லண்ணே, பிசியோதான். உக்காருங்க" என்றார் அவர். திரை எதுவும் இல்லை. தம்பி அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டான். அவர் அவனைப் பிடுங்கவில்லை, தொடவும் இல்லை. அம்மாவைப் பார்த்து, வீட்டில் செய்வதைச் செய்து காட்டச் சொன்னார்.

அம்மா தம்பியைப் பாயில் கிடத்திக் காலை மடக்கினாள். நான் என் வேலையைத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று... தம்பி அழுதான். இருபதில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்படி எம்புட்டு தடவை செய்வீங்க?"

"ஒரு குரோஸ்!" என்றேன் நான். புரியாமல் போய்விடக் கூடாது என்று, "நூத்தி நாப்பத்தி நாலு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தானே, புரிந்திருக்கும். தம்பியைத் தூக்கி அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு, "அக்கா, இவன் கால் எப்ப வெறைக்கும், எப்ப தளரும்?" என்று கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். வெளியிடங்களில் பேசுவது அப்பாவின் வேலை. அப்பாவுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

"அழுதா வெறைச்சுக்கிடும்" என்றாள் அம்மா மெதுவாக. "வெதுவெதுன்னு தண்ணி ஊத்துனா தொவண்டு போவும். தூங்கும்போது சும்மா கீரைத்தண்டு மாதிரி கெடக்கும். எடது காலுதான் மொதல்ல இழுக்கும், அதைப் பாத்து வலதும் இழுக்கும். எம் இடுப்புல ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்தா கொஞ்ச நேரத்துல குதிகால் எறங்கும். புளியமரத்துப் பக்கம் காக்கா பாக்கத் தூக்கிட்டுப் போகும்போது பாத்துருக்கேன்."

அம்மா அத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல ஒரு வெளியாளிடம் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஒரு நோட்டை எடுத்து, அம்மா சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. நாம் போய் அவரிடம் கேட்பதுதானே முறை? எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம் கேட்டு இவர் எழுதுகிறாரே, இவருக்கு ஒன்றும் தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பிறகு அவர் ஒரு பாயை இறுக்கிச் சுருட்டி, அதன்மேல் தம்பியைக் குதிரை சவாரி போல உட்கார வைத்தார். முன்னால் ஒரு பந்தை வைத்தார். அவன் குனிந்து பந்தைத் தட்டத் தட்ட, கால்கள் இரண்டும் அகன்று, குதிகால் மெல்லத் தரையைத் தொட்டது. அவன் அழவில்லை. "ஏலே, போடு" என்று அவரையே அதட்டினான்.

"இனிமே எண்ண வேண்டாம்க்கா. அழ வச்சு மடக்குனா இன்னும் வெறைக்கத்தான் செய்யும். குளிக்கும்போது, சாப்பிடும்போது, வெளையாடும்போது இப்படி உக்கார வைங்க. அவனுக்குப் பயிற்சின்னே தெரியக் கூடாது. வாரம் ஒரு நாள் இங்க வாங்க, என்ன மாறியிருக்குன்னு ரெண்டு பேருமாப் பாப்போம்."

அப்பா பொறுக்க முடியாமல் கேட்டார். "எத்தனை நாள்ல நடப்பான்?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. மூணு மாசம் பாப்போம். ஒண்ணும் மாறலைன்னா நானே வேற நல்ல எடம் சொல்லி அனுப்புறேன்."

பரோட்டாக் கடையில் அப்பா வெடித்தார். "மிசினு இல்ல. எண்ணெய் இல்ல. எண்ணவும் வேண்டாங்காக. எண்ணாம ஒரு வேலையா? எப்ப நடப்பான்னு கேட்டா தெரியாதுங்காக. எல்லாத்தையும் நாமளே செய்யணும்னா அந்தம்மா எதுக்கு?"

நான் அப்பா பக்கம் இருந்தேன். என் வேலையை ஒரே வார்த்தையில் பறித்துவிட்ட பெண்மணிமேல் எனக்கு வேறென்ன தோன்றும்? வாய் நிறையப் பரோட்டாவோடு தலையை ஆட்டினேன்.

அம்மா தம்பிக்குப் பரோட்டாவைச் சிறிதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னது அந்தம்மா ஒருத்திதான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதும் அந்தம்மாதான். எண்ணெய்க்காரரை வர வேண்டாம்னு சொல்லிருங்க."

கேட்டதில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் அம்மாவின் குரலில் இருந்த ஏதோ ஒன்று அப்பாவை இன்னொரு பரோட்டா சொல்ல வைத்தது.

அதன்பின் சனிக்கிழமை தோறும் கம்பெனி வேன் எங்கள் தெருவில் ஹாரன் அடித்துவிட்டு அம்மா இல்லாமல் போகும். போர்மேன் இரண்டு வாரம் முறைத்தார். மூன்றாம் வாரம் அம்மா ஐந்து நாளில் பின்னியதைப் பார்த்துவிட்டு முறைப்பதை விட்டுவிட்டார்.

அப்பா பத்து நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பதினோராம் நாள் அச்சகத்திலிருந்து காலியான பேப்பர் ரீலின் தடித்த அட்டைக் குழாய் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். அதை அளவாக வெட்டி, அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக் கட்டித் தம்பிக்குக் குதிரை செய்தார். அடுத்த வாரம், அச்சில் சாயம் பிசகிய வெடி லேபிள்கள். மயில், கிளி, புலி. அவற்றைச் சுவரில் தம்பி உட்கார்ந்தபடி எட்டிப் பிடிக்கும் உயரத்துக்குச் சற்று மேலே ஒட்டினார். தம்பி ஒவ்வொரு புலியையும் பிய்க்க எழுந்து நிற்பான். குதிகால் தரையை விட்டு எழும்பும் உயரத்துக்கு அப்பா புலியை ஏற்றவே மாட்டார். அந்த அளவு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று விருதுநகரில் கேட்டார்கள். "கட்டிங்ல இருக்கேம்மா, அரை மில்லி பிசகாது" என்றார் அப்பா. அன்று முதல் அவர் அந்த அறையைக் குறை சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் குதிகால் தரையில் பதிந்து நின்றது. காலுக்கு அளவெடுத்து, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை செய்து மாட்டினார்கள். தை பிறந்தபோது சுவரைத் தடவிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தான். சுவரை விட மட்டும் மறுத்தான். விருதுநகரில் அம்மாவுக்குப் புதிதாக ஒன்று சொன்னார்கள். அவன் தயங்கினால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கையை நீட்டவும் செய்யாதீர்கள். நீட்டினால் அதைப் பிடிக்கத்தான் பார்ப்பான், காலை நம்ப மாட்டான். அவனாக வரும்வரை உட்கார்ந்திருங்கள். 

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும். சாயங்காலம். நானும் தம்பியும் வாசலில் இருந்தோம். அவன் வெளிச்சுவரைப் பிடித்து நின்று, புதிதாக ஒட்டிய கிளியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வேன் வந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்க, கடைசியாக அம்மா இறங்கினாள். தம்பி திரும்பிப் பார்த்தான். சுவரிலிருந்து ஒரு கையை எடுத்தான். பிறகு மற்றக் கையையும் எடுத்தான்.

அம்மா நின்ற இடத்திலேயே தெருவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

அவன் ஓர் அடி வைத்தான். ஆடினான். இன்னோர் அடி வைத்தான். "அம்மா, புடிம்மா, விழப் போறான்!" என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு அவனையே பார்த்திருந்தாள். அவன் எங்கள் வீட்டு வாசலையும் அடுத்த வீட்டு வாசலையும் தாண்டி, வேன் சக்கரத்தைத் தாண்டி, வழியில் நின்ற ஒரு பெண்ணை "தள்ளு" என்று அதட்டி, அம்மாவின் மேல் போய் விழுந்தான்.

"ஏலே, நடந்துட்டாம்லே!" என்று யாரோ கூவ, தெருவே கூவியது. வேன் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஒரு பெண் செல்போனில் அச்சகத்துக்குக் கூப்பிட்டு, மிஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று அடித்தொண்டையில் கத்தினாள். அப்பா மிஷினை நிறுத்திவிட்டு, போட்டிருந்த ஏப்ரனோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவருக்காகத் தம்பி மறுபடி நடந்தான். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்காகவும் நடந்தான். கடைசியில் அலுத்துப்போய், "ஏலே, வீட்டுக்குப் போங்கலே" என்று எல்லோரையும் விரட்டினான். அவன் கால் இன்றும் வேகமாகப் போனால் சற்று இழுக்கும். அதட்டலில் மட்டும் இன்றுவரை இழுப்பில்லை.

கூட்டம் கலைந்ததும் நான் அப்பாவிடம் புகார் சொன்னேன். நெஞ்சு பொறுக்காமல்தான் சொன்னேன். அவன் விழப் பார்த்தான், நான் அத்தனை கத்தியும் அம்மா எழுந்து வரவில்லை, கையைக் கூட நீட்டவில்லை என்றேன்.

"நெசமாவா? கையவே நீட்டலையா?" என்றார் அப்பா.

"இல்ல. சும்மா உக்காந்திருந்துச்சு."

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அம்மா தம்பியின் கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஏசப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் மற்றக் கால் உறையைத் தானே கழற்றத் தொடங்கினார்.