உப்பு வாசல் காவலன்

கைபேசிச் செயலி ஒன்றில் வாராவாரம் வரும் மாயாஜாலத் தொடர்கதைக்கு நான் அடிமையாகியிருந்தேன். எழுதுபவர் யாரென்று தெரியாது; புனைபெயர்தான். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் மதிய இடைவேளையில் படித்துவிட்டு, கதைக்குள் ஒளிந்திருப்பவற்றைக் கண்டுபிடித்துக் கீழே கமென்ட் போடுவேன். ஒரு குள்ளனின் பெயரைத் திருப்பிப் படித்தால் பழைய சினிமா காமெடி வசனம் வரும். கதையில் வரும் ஒற்றன், பழைய சரித்திரத் தொடர்களின் ஒற்றர்களைப் போலவே, போகிற இடமெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அணையாமல் புகையும் மலையடியில் வாழ்கிறவர்கள் நாற்றத்தை வைத்தே காற்றின் திசையைச் சொல்வார்கள். அது கொடுங்கையூர் குப்பைமேடு என்று முதலில் எழுதியது நான்தான்.

ஒரு வாரம் உப்பு வாசலைக் காக்கும் செவிட்டு ராட்சசன் வந்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிலைப்படியை இரண்டு விரலால் தட்டி, "கடலுக்குப் போறேன்" என்றான். நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

அது எங்கள் அப்பா. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி, அந்த இரைச்சலில் காது போனவர். வேலைக்குப் போகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை; இப்படித்தான் நிலைப்படியைத் தட்டிவிட்டுச் சொல்வார். அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். இதை அறிந்தவர்கள் இப்போது மூன்றே பேர்: நான், அக்கா, பக்கத்து வீட்டில் வளர்ந்த நண்பன்.

முதலில் நண்பனைத்தான் சந்தேகப்பட்டேன். டீக்கடையில் நேராகவே கேட்டேன்.

"மாமு, என் லீவு லெட்டரே நீதான எழுதிக் குடுக்கற?" என்றான்.

நான் நம்பவில்லை. அப்பாவுக்குப் பூனை என்றால் பயம் என்று அவனிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். அக்காவிடம் அப்பாவைப் பற்றி வேறொரு பொய்: "நைனா ஹார்பர்லேந்து ஒரு செவப்புக் கொடை கொண்டாந்துச்சே, ஞாபகம் கீதுல்ல?" அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றாள்.

அடுத்த வாரக் கதையில் பூனை இல்லை. ராட்சசனின் மகன், எங்குமே இல்லாத சிவப்புக் குடை ஒன்றைப் பற்றித் தன் அக்காவிடம் சொல்கிறான். அவள் தலையாட்டுகிறாள்.

சனிக்கிழமை கொருக்குப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா எழுதிகினு கீற?"

"ரெண்டு வருசம். எண்ணூருக்கு வேலைக்குப் போற ட்ரெய்ன்ல." அவள் நிமிரவில்லை. "கமென்ட் போடறது நீதான்னு மூணாவது வாரமே தெரியும். நான் நெனைக்காததெல்லாம் கண்டுபுடிச்ச."

"நைனாவ ஏன் ராட்சசனாக்கின? அதுவும் காது கேக்காத மாரி நடிக்கறானோன்னு கதையில எல்லாரும் சந்தேகப்படற மாரி."

"எனக்கே அந்த சந்தேகம் கீதுடா. ஒரு தபா நைனா பக்கத்துல உக்காந்துகினு, காலேஜு போவணும்னு அம்மாகிட்ட மொள்ளமா சொன்னேன். அம்மா வேணான்னுச்சு. மறுநாள் நைனா அப்ளிகேசன் வாங்கியாந்து என் பாய் மேல வெச்சுது."

"அம்மா சொல்லிருக்கும்."

"சொல்லலன்னு அம்மா சத்தியம் பண்ணுச்சு."

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. பதினாறு வயதில் நண்பனும் நானும் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, அவரைத் துருப்பிடித்த வின்ச் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர் டீ குடித்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தார். கேட்காததால் சிரிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

அக்காவிடம் சொன்னேன். மீன் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத எழுதட்டா?"

ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளியபடி, "எழுது" என்றேன்.

இரண்டு வாரத்தில் வந்தது. அதில், மகன் கேலி பேசுகிறான். ராட்சசன் தன் டீயில் பாதியை அவன் தம்ளரில் ஊற்றிவிட்டு எழுந்து போகிறான். அப்பா டீ ஊற்றியதாக நான் அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு ஞாபகமும் இல்லை. அவளாகச் சேர்த்ததா, அன்று உள்ளறையிலிருந்து பார்த்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை. அந்த வாரம் கமென்ட்டும் போடவில்லை.