கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பெட்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்த அறையில், வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார் ஒரு டீச்சர். எல்லோரும் அவரைப் பாஸ்போர்ட் டீச்சர் என்பார்கள். அவருடைய பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை என்பது வேறு விஷயம்.

மேசை நடுவே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியை நிறுத்தியிருப்பார். அந்தப் பக்கம் அவர், விசா அதிகாரி. இந்தப் பக்கம் மாணவர், பயணி. அவர் முறைத்த முறைப்பில் ஒரு வெல்டர் தன் பெயருக்குப் பதில் மாமனார் பெயரைச் சொல்லிவிட்டாராம். இன்றுவரை வெளிநாட்டில் அதே பெயரில்தான் இருக்கிறாராம். கீழ்க் கடைக்காரர் சத்தியம் செய்கிறார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

“மை லக்கேஜஸ் ஆர் ரெடி, மேடம்” என்பாள் அவரிடம் படிக்கும் நர்ஸ் ஒருத்தி.

“எஸ் போட்டா இன்னும் ரெண்டு பெட்டி கூடுமா? லக்கேஜ். எத்தனை பெட்டியானாலும் அவ்வளவுதான்.”

“ஐ வில் ரிட்டர்ன் பேக்...”

“ரிட்டர்ன்னாலே திரும்புறதுதாம்மா. பேக் எதுக்கு? ரெண்டு தடவை திரும்பப் போறியா? இன்னொண்ணு, பொய் மட்டும் சொல்லாதே. வாய் எவ்வளவு அழகா பேசினாலும் கண்ணு காட்டிக் கொடுத்துடும்.”

விசா கிடைத்தவர்கள் படியேறி ஓடிவந்து சொல்வார்கள். “ஹேவ் எ சேஃப் ஜர்னி” என்று வழியனுப்புவார். அதோடு சரி. அப்புறம் ஒருவரும் போன் செய்வதில்லை.

உறவென்று அவருக்கு மிச்சமிருந்தது ஓர் அக்கா மட்டும். கடல் கடந்து மகள் வீட்டில் இருந்தவள், இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். போனில் கேட்டாள்.

“ஏண்டி, உலகத்தையெல்லாம் ஏத்தி அனுப்புறே, நீ எப்ப வருவே? கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போ.”

“வரேன்க்கா. எனக்கு விசா கொடுக்காம வேற யாருக்குக் கொடுப்பாங்க?”

விண்ணப்பித்தார். ஒத்திகை பார்க்க ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். எழுந்து மேசையைச் சுற்றி வந்து பதில் சொல்வார். மறுபடி போய் உட்கார்ந்து முறைப்பார். எல்லாக் கேள்விகளையும் கேட்டார். மாணவர்களிடம் கடைசியில் கேட்கும் கேள்வியை மட்டும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

விசா அலுவலகத்தின் அசல் கண்ணாடிக்குப் பின்னால் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். ட்ரிப் எத்தனை வாரம், யாரைப் பார்க்க, எங்கே தங்க... டீச்சரின் பதில்கள் தண்ணீர் மாதிரி ஓடின. “உங்கள் ஆங்கிலம் அருமை” என்று அவளே சொன்னாள். பிறகு அந்தக் கடைசிக் கேள்வியையும் கேட்டாள்: உங்களுக்காக இங்கே யார் காத்திருப்பார்கள்?

மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள் எல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன. அந்த வெல்டரின் மாமனாரையாவது கடன் வாங்கியிருக்கலாம். கண் காட்டிக்கொடுத்துவிடுமே!

“நோபடி” என்றார். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரமில்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள்.

கடைக்காரர் கையிலிருந்த ஜிப்பைக் கீழே வைத்தார். “நாங்க இத்தனை பேர் இருக்கோமே டீச்சர், ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவங்க பேச்சுக்குக் கேட்கலையேங்க.”

அக்காவிடம், “விமானத்துல இடம் கிடைக்கலக்கா, அடுத்த தடவை பார்க்கலாம்” என்றார். போனில் கண் தெரியாது என்பது எவ்வளவு வசதி!

சாயங்காலம் நர்ஸ் வந்து கண்ணாடி முன் நின்றாள். டீச்சர் மற்றக் கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு, கடைசிக் கேள்வியை முதலில் கேட்டார்.

“மை ஹஸ்பண்ட், மேடம். மை மதர் இன் லா. டூ சில்ட்ரன்ஸ். ஆல் பீப்பிள்ஸ் வெயிட்டிங்...”

திட்டு விழும் என்று நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விழவில்லை.

“என்ன மேடம், தப்பா?”

“இல்லம்மா. சொல்லு. இன்னும் யார் யாரெல்லாம்?”