அவர் உடம்பில் இருந்த இரும்பு

எங்கள் வீட்டில் சோற்றுக்கு அரிசி அரிப்பது என் மனுசன்தான். மகள் சின்னவளாக இருந்தபோது சோற்றில் கல் கடித்துப் பல் உடைந்தது. அன்றைக்கு என் கையிலிருந்து அரிக்கன்சட்டியை வாங்கியவர் பிறகு என்னிடம் தரவில்லை. உள்ளே வரி வரியாக இருக்கிற மண்சட்டி அது. தண்ணீர் விட்டு ஆட்ட அரிசி போகும், கல் வரியில் தங்கும்.

அவர் இயக்கத்தில் இருந்தவர். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து முதுகிலும் நெஞ்சுக்குள்ளும் இரும்புத் துண்டுகள். எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். தடுப்பு முகாமால் வந்து என்னைக் கட்டினார். வட்டக்கச்சியில் வயல் செய்தார். மழைக்காலத்தில் படுக்க முடியாது, கதிரையில் சாய்ந்திருப்பார். மகன் கட்டிப்பிடித்தால் வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். சண்டையைப் பற்றி எங்களோடு கதைத்ததில்லை.

பழைய இரும்பு வாங்குகிறவர் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் கூவிக்கொண்டு வருவார். அந்தச் சத்தம் கேட்டால் இவருக்குப் பகிடி.

"இஞ்சாரும், ஓடிப்போய் மறியும். என்னை நிறுத்துப் பாக்கட்டும்."

"உங்களை ஆர் வாங்குவினம்? முழுக்கக் கறள் பிடிச்ச இரும்பு."

சிரிப்பார். ஒருநாள் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லையப்பா. போகேக்கை இதோடை போக எனக்கு விருப்பமில்லை. கழட்டிப்போட்டு விடும்."

"ஓம்" என்றேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

இந்த முறை அறுவடை முடிந்த கிழமை கிணற்றடியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் உயிர் போய்விட்டது.

எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. மகனும் என் அண்ணனும் போய் எரித்துவிட்டு வந்தார்கள். அடுத்தநாள் சாம்பல் அள்ளப் போகும்போது அண்ணனிடம் சொன்னேன், உள்ளே இரும்பு இருக்கும், பொறுக்கி எடுங்கோ என்று. தலையாட்டினார்.

சாம்பல் கரைக்கக் கடலுக்குப் போகிற வழியில் ஆட்டோ எங்கள் படலை வாசலில் நின்றது. சாம்பல் முட்டியை வளவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அண்ணன் றோட்டிலேயே நின்றார்.

"இரும்பு எடுத்தனீங்களோ அண்ணை?"

"தேடினனான். எல்லாம் கருகி ஒரே மாதிரிக் கிடக்கு. விடு பிள்ளை, கடல் கொண்டு போகும்."

"அவரோடை அது போகக் கூடாது."

குசினிக்குப் போய் அரிக்கன்சட்டியும் தண்ணீரும் ஒரு வெறும் முட்டியும் எடுத்து வந்தேன்.

"உனக்கென்ன விசரே? பிறகு அந்தச் சட்டியைச் சோத்துக்கு எடுக்கேலாது."

"தெரியும்."

மகன் மாமனின் கையில் இருந்த முட்டியை வாங்கி என் முன்னால் வைத்தான்.

றோட்டோரம் குந்தினேன். எலும்பை மகன் பொறுக்கி வெறும் முட்டிக்குள் வைத்தான். நான் சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு, அவர் ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன். சாம்பல் தண்ணீரோடு முட்டிக்குள் போனது. பாரமானது வரியில் தங்கியது. புளியங்கொட்டை அளவில் ஒன்று. மற்றவை நெல்லைப் போல. இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

அண்ணன் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"இனிப் போகட்டோ பிள்ளை?"

"சட்டியையும் கொண்டு போங்கோ."

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த பிறகு இரும்புக்காரர் வந்தார். மறித்து, சட்டியிலிருந்து எடுத்துக் கடதாசியில் சுற்றி வைத்திருந்த துண்டுகளைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார்.

"என்னக்கா, இவ்வளவுதானோ? இது தராசிலை நிக்காது."

"காசு வேண்டாம் தம்பி. கொண்டு போங்கோ."

அவர் அதைப் பின்னால் கிடந்த தகரங்களுக்கு மேல் எறிந்தார். லாண்ட்மாஸ்டர் பரந்தன் பக்கம் திரும்பி மறையுமட்டும் படலையில் நின்றேன்.

பிறகு வந்து உலை வைத்தேன். அரிசிக்குள் கல் கிடந்தது. கையால் பொறுக்கினேன்.