பள்ளிமுனைக் கடலில் நான் சொன்ன தூது

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையில் நானும் கணவரும் மன்னாருக்குப் போயிருந்தோம். நாங்கள் ஹட்டன்காரர்கள். நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட்டே பழகிய கணவருக்கு, கடலில் ஒரு மீனாவது பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. தோட்டவெளிப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடலாம், பாலத்தில் உட்கார்ந்து போடலாம், பள்ளிமுனையில் படகு பிடித்தும் போகலாம் என்றார்கள் தங்கியிருந்த வீட்டில். இவர் படகுதான் வேண்டும் என்று நின்றார்.

விடியற்காலையில் எங்களை ஏற்றிக்கொண்ட படகுக்காரர் நல்ல கலகலப்பானவர். வெயில் ஏறுவதற்குள் கணவர் ஒரு பாரை மீனைத் தூக்கிவிட்டார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. எவ்வளவோ இழுத்துப் பார்த்தும் உயிர் வரவில்லை. காற்று எழும்ப, கரை மெல்லிய கோடாகிவிட்டது. தொலைபேசியும் எடுபடவில்லை. நான் வாந்தியெடுத்தேன்.

அப்போது தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. கணவர் சட்டையைக் கழற்றி வீசினார். படகுக்காரரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது என்ர அண்ணன். நாங்கள் கதைக்கிறேல்ல" என்றார்.

அண்ணன் வந்துவிட்டார். கையெட்டும் தூரத்தில் தம்பி நிற்க, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "பிள்ளை, எஞ்சினுக்கு என்னவாம்?"

"எண்ணெய் ஏறுதில்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் தம்பி, அவரும் என்னிடம்.

நானும் சொன்னேன்.

"கயித்தை முன்னுக்குக் கட்டச் சொல்லுங்கோ."

அதையும் சொன்னேன். பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

தம்பி கயிற்றோடு குனிந்த நேரம் ஒரு அலை வந்து மோதியது. அவர் இரண்டு படகுக்கும் இடையில் விழுந்துவிட்டார். படகுகள் ஒன்றோடொன்று இடித்தால் மண்டை நொறுங்கிவிடும். நான் கத்தினேன். "தம்பீ!" என்று அலறியபடி அண்ணன் பாதி உடம்பைக் கடலுக்குள் நீட்டி, அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தார். கணவர் எங்கள் படகைக் காலால் உந்தித் தள்ள, அண்ணன் தம்பியைத் தன் படகுக்குள் இழுத்துப் போட்டார்.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு தொடங்கியது பாருங்கள் சண்டை!

"உன்ர மகள் சேர்ச்சில முதல் நன்மை வாங்கின விழாவுக்குச் சொல்லாத உன்னை நான் ஏன் தூக்கினன்?"

"ஆள் விட்டுச் சொன்னனான். நீதான் வரேல்ல!"

"ஆள் விடுறதோ? உனக்குக் கால் இல்லையோ?"

முன்னால் அவர்கள் படகு, பின்னால் கயிற்றில் நாங்கள். கரை வரும்வரை எஞ்சின் சத்தத்தையும் மீறி அந்தச் சண்டை நிற்கவில்லை. என்னை யாரும் தூது சொல்லக் கேட்கவுமில்லை.

அண்ணன் வீட்டில்தான் எங்கள் பாரையைக் குழம்பு வைத்தார்கள். வேலிப் படலைக்கு வெளியே தயங்கி நின்ற தம்பியை, "மழைக்கோ பாத்து நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ, சோறு ஆறுது" என்று அண்ணி கூப்பிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் மீன் தலையை எடுத்துத் தம்பியின் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

பேச்சு வார்த்தை இல்லை என்று யாராவது யாரைப் பற்றிச் சொன்னாலும், அவர்களுக்குள் பேச்சு தீர்ந்துபோகவில்லை, முதல் சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்றே இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.