ஊசி மருந்தை ஒளித்த நாள்

அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ராயபுரம் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். எனக்கு ஒன்பது வயது. குணமானவர்களைத்தானே வீட்டுக்கு அனுப்புவார்கள்?

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தையல் டீச்சராக இருந்தவள். முதுகெலும்பில் வந்திருந்தது புற்றுநோய். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலையும் மாலையும் நர்சம்மா வருவார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. கண்ணாடி ஊசியை ஸ்டவ்வில் கொதிக்கவைத்து, தலைமாட்டு அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து உடைத்து, அத்தைக்குப் போடுவார். கொஞ்ச நேரத்தில் அத்தையின் முகம் தெளியும். கஞ்சி குடிப்பாள், பள்ளிக்கூடத்துக் கதை கேட்பாள், பிறகு தூங்கிவிடுவாள்.

ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்க. இப்ப அந்த நர்சம்மா ஊசி போட்டுப் போட்டே தூங்க வெச்சிக்கினு கீது. ஒரு நாளிக்கு அப்பிடியே போய்டும் பாரு."

அதற்குப் பிறகு அத்தை தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மாதா கோயில் மணி வேளை கெட்டு அடித்தால், சாவு மணியோ என்று அத்தையிடம் ஓடினேன். மூன்றாம் நாள் காலை, நர்சம்மா வருவதற்குள் அந்தப் பெட்டியை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

முதல் பாடம் முடியும்வரை அத்தையைக் காப்பாற்றிவிட்ட பெருமை இருந்தது. அப்புறம் பயம் வந்துவிட்டது. யாராவது பையை இடித்தால்கூடப் பதறினேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஓடிவந்தபோது தெருமுனையிலேயே ஒரு குரல் கேட்டது. அது அத்தையின் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

வீடு தலைகீழாகக் கிடந்தது. வேறு மருந்துக்குச் சீட்டு வாங்க அப்பா டாக்டரைத் தேடிப் போயிருந்தார். அம்மா அத்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் வந்த நர்சம்மா இன்னும் போகவில்லை. அத்தை இப்போது போர்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "இதோ கீது" என்றேன்.

நர்சம்மா ஒரு குப்பியை உடைத்து மருந்தை ஊசியில் ஏற்றினார். அந்த நேரம் வெறுங்கையோடு திரும்பிவந்த அப்பா, பெட்டியைக் கண்டதும் அதை யார் அங்கே வைத்தது என்று கத்தினார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அத்தை போர்வையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான்தான்டா தம்பி. கீழ வெச்சிட்டு மறந்துட்டேன்."

நர்சம்மா என்னைப் பார்த்தார். கை கழுவப் போனபோது என்னையும் கூப்பிட்டார். ஊசி போட்டால் அத்தை செத்துப்போய்விடுவாளா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"போட்டாலும் போவாங்க, போடலன்னாலும் போவாங்க கண்ணு," என்றார். "சீக்குக்கு நம்மாண்ட மருந்து இல்ல. வலிக்குக் கீது. இருக்கிற வரிக்கும் அவங்க உன்னாண்ட நல்லா பேசணும்ல?"

அத்தை இன்னும் பதினோரு நாள் இருந்தாள். வேளை தவறாமல் ஊசி போட்டார்கள். ஒரு சாயங்காலம், அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே, சத்தமில்லாமல் போய்விட்டாள்.

அந்தப் பதினோரு நாளும் எனக்கு வேறொரு கவலை இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவே ஆள் பிடிக்க வேண்டியவள், கட்டிலுக்கடியில் பெட்டியை வைத்ததாகச் சொல்கிறாளே. நோய் தலைக்கு ஏறி அவளுக்கு நினைவு தப்பிவிட்டதோ என்று பயந்தேன். சோதித்துப் பார்க்க, தினமும் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னாள். அப்படியும் எனக்கு விளங்கவில்லை.