மீன் அறையின் மூடியைத் திறந்தவர்

கடையில் ஒருவருக்கு அடையாள அட்டை நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சேகர் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். வேலை நாளில் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வருகிறவர் இல்லை அவர். "யோகராஜ் அண்ணன் தவறிட்டாரு புள்ள. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முந்தியே போயிட்டாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்களை இந்த மலைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்ட மனிதர், தான் மட்டும் சொல்லாமல் கிளம்பிவிட்டாரே என்று.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, கடலோரக் காவல் படையில் சேர்ந்த முதல் ஆள் அவர்தான். கடலையே பார்க்காமல் விண்ணப்பம் போட்டவர். "கீழ எறங்கிறதுக்கு எனக்குக் கெடைச்ச பஸ் அது. எங்க போகுதுன்னுகூடக் கேக்கல" என்பார். ஆரம்பத்தில் படகில் கால் வைத்தாலே வாந்தி. நீச்சலை அங்கே போய்த்தான் பழகினார். பிறகு, குளிக்க வந்து அலையில் மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வந்தார். எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் நின்ற மீனவர்களைத் தேடிப் போனார். சந்தேகமான படகுகளில் ஏறிச் சோதனை போட்டார். தமிழும் சிங்களமும் சரளமாக வருவதால் ஒலிபெருக்கி பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்குமாம்.

நாடு நொடிந்துபோன அந்த வருடம், கேஸுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்று அலுத்து, வெளிநாடு போய்விடலாம் என்று நாங்களும் களவாகப் படகேறினோம். நான், சேகர், எங்கள் சின்ன மகள். மலையிலிருந்து வந்த இன்னும் சில குடும்பங்கள். ஐஸ் போட்டு மீன் வைக்கிற அறைக்குள் எங்களை இறக்கி, மேலே மூடியைப் போட்டார்கள். யூனிபோர்ம் போட்டவன் வந்தால் மூச்சுவிடக் கூடாது என்பது படகுக்காரனின் கட்டளை. நிமிர்ந்து உட்கார இடமில்லை. மீன் நாற்றமும் டீசல் நெடியும் தொண்டையை அடைத்தன. இருட்டில் யார் கால் யாருடையது என்றே தெரியவில்லை. மகளுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது.

அப்போது எஞ்சின் நின்றது. தலைக்கு மேல் சப்பாத்துச் சத்தம். மீன்தான் இருக்கிறது என்று படகுக்காரன் சிங்களத்தில் சொல்வது கேட்டது. சப்பாத்துகள் விலகிப் போயின. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவை திரும்பி வந்தன. யாரோ மூடியைத் தட்டினார்.

"உள்ள நம்ம ஆளுங்க இருக்கீங்களா? பயப்படாதீங்க. சத்தம் குடுங்க."

எங்கள் ஊர்ப் பேச்சு. இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கை மகளின் வாய்மேல் இருந்தது.

"இந்த மூடிய வெளிப்பக்கமா பூட்டு போட்டுப் பூட்டியிருக்காங்க. அது தெரியுமா உங்களுக்கு? போட் கவுந்தா ஒருத்தரும் வெளிய வர மாட்டீங்க."

தெரியாது. சத்தியமாக எங்களுக்கு அது தெரியாது. மகளின் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு நான் கத்தினேன்.

பூட்டை உடைத்தார்கள். கூசிய கண்ணுக்கு, எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளிப் பிறந்து வளர்ந்தவரின் முகம் தெரிந்தது. "நீயா தங்கச்சி" என்றார். மகளை வாங்கிக் காற்றுப் படும் இடத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் பின்னால்தான் சொன்னார். எங்களில் யாரோ கழற்றிப் போட்ட கம்பளிக் குல்லா ஒன்று மேலே கயிற்றுச் சுருளில் கிடந்ததாம். "மீன் புடிக்கிறவன் அந்த வெக்கையில குல்லா போடுவானா? நம்ம சனங்கதான் எங்க போனாலும் குளிரும் கூடவே வரும்னு நெனச்சுக் கட்டிக்கிட்டுப் போவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

களவாகப் படகேறியதற்கு வழக்குப் போட்டார்கள்; நாங்கள் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். லயத்தில் பழியெல்லாம் அவர்மேல் விழுந்தது. சொந்த சனத்தைப் பிடித்துக் கொடுத்தவன் என்றார்கள். ஓய்வு பெற்று அக்காவின் வீட்டோடு வந்து தங்கினார். கோயில் திருவிழாவுக்கு வரி கேட்கக்கூட அந்த வாசலுக்கு ஒருவரும் போகவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவர் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருநாள் நான் நகரவில்லை.

"ஏன் அண்ணே எங்களத் திருப்பிக் கொண்டாந்தீங்க?"

"பூட்டியிருந்துச்சு, தொறந்தேன் தங்கச்சி."

"தொறந்து இங்கதானே கொண்டாந்து விட்டீங்க. இது மட்டும் தொறந்தா கெடக்கு?"

குடம் நிரம்பி வழிந்தது. அவர் குனிந்து அதை நகர்த்தி வைத்தார். "நானும் இங்கதானே இருக்கேன்" என்றார். "அன்னிக்கு யூனிபோர்மக் கழட்டிப் போட்டுட்டு உங்களோட போயிரலாமான்னு எனக்கும் ஒரு நிமிஷம் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவரிடம் கோபப்படுவது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. கோபம் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன்.

நேற்று அடக்கம். மண் சரிந்து வீதி மூடிக் கிடந்ததால் படையிலிருந்து எவராலும் வர முடியவில்லை. மயானம் மேட்டில் இருக்கிறது. பெட்டியைத் தூக்க நேரமானது. லயத்து ஆண்கள் குடை பிடித்துக்கொண்டு எட்டவே நின்றார்கள். அவருடைய அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மீன் அறைக்குள்ள கெடந்தது நானும் எம் குடும்பமும். நீங்க இல்ல. என் கோவம் என்னோட இருக்கட்டும், அத நான் பாத்துக்குறேன். நீங்க வந்து தூக்குங்க."

சேகர்தான் முதலில் போய்த் தோள் கொடுத்தார். பிறகு ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர். தப்பு முழங்கத் தொடங்கியது.

எங்கள் பக்கம் பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். நானும் நின்றேன். தேயிலைக்கு நடுவே பெட்டி மேலேறிப் போனது. மலைப்பனி இறங்கி, தூக்கிப் போகிறவர்களை ஒவ்வொருவராக மறைத்தது. யார் கிளம்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் நாங்கள் சொல்லிப் பழக்கம். வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன்.

போங்க அண்ணே. இந்த மலைக்குத் திரும்பி வராதீங்க.