கணக்குப் பரீட்சைக்குப் போன வண்டி

என்ன படித்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு அந்தக் கணக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வரும். அந்தப் பதில் கிட்டத்தட்ட கை நழுவிப் போன ஒன்று. அம்மா பள்ளிக்கூடப் படியை மிதித்ததில்லை. அக்கா ஐந்தாவதோடு நின்றாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதற்குமேல் வகுப்பே கிடையாது. எங்கள் தெருவிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த முதல் பெண் நான். இப்போது அதே தெருவில் எம்.எஸ்சி. படித்த பெண்கள் வேலை கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும், அதற்கும் கொடுப்பினை வேண்டும்.

எனக்குப் பரீட்சை வந்த சமயம் பார்த்து ஊரில் கூலித் தகராறு முற்றியது. தாளடி நெல் அறுவடை நேரம். கேட்ட கூலியைத் தராமல் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார்கள். ஆண்கள் மறித்தால் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும் என்று எங்கள் தெருப் பெண்கள் வாய்க்கால் மதகடியில் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் அம்மா. மிராசுதார் தெரு வண்டி எதுவும் தாண்டக் கூடாது என்பது கட்டுப்பாடு.

அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. அதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் ஃபெயில்தான். மறியலுக்குப் பயந்து பஸ் வராது என்று தெரியாமல் நின்று ஏமாந்து, டவுனுக்கு நடக்கத் தொடங்கியபோது வெயில் ஏறிவிட்டது. மதகடியை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது, ஓடினாலும் மணியடிப்பதற்குள் போய்ச் சேர முடியாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மறியலை ஒரு வாரம் தள்ளி வைத்தால் என்ன என்று அம்மாமேல்கூட எரிச்சல்.

அப்போது பின்னால் ஒரு வில்வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் பெரிய மிராசுதாரே. அவருடைய வண்டிக்காரர் எங்கள் தெரு ஆள், அவரும் வேலைக்குப் போகவில்லை. உள்ளே அவர் மகள். டவுன் பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. ஊருக்குள் வந்தால் அவள் தெருவில் நான் செருப்புப் போட்டு நடக்க முடியாது.

"பொண்ணுக்குப் பரீட்சை. வழிய விடுங்க" என்றார். அவர் எங்கள் ஆட்களிடம் மரியாதையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "எம் பொண்ணுக்கும் அதே பரீட்சைதாங்க. அதையும் ஏத்திக்கிட்டுப் போங்க. வழி விடுறோம்."

"இன்னிக்கு ஒரு வண்டிய விட்டா, நாளைக்கு ஆள ஏத்திக்கிட்டுப் பத்து வண்டி வரும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"படிக்கப் போற புள்ளைய மறிக்கவா உக்காந்திருக்கோம்?" என்றாள் அம்மா.

மிராசுதார் என் முகத்தைப் பார்க்காமல், "ஏறச் சொல்லு" என்றார். பெண்கள் முனகிக்கொண்டே நகர்ந்தார்கள்.

வண்டியின் பின்விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தேன். அவருக்கு மாடு பிடிபடவில்லை. ஓட்டத் தெரியாதவர் கையில் மாடுகள் கொஞ்ச தூரம் ஆடி அசைந்து போயின. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் என் காதருகே குனிந்தாள்.

"லேட்டாப் போனா நல்லதுடி."

"பைத்தியமா உனக்கு?"

"மாப்பிள்ளை வீட்ல எஸ்.எஸ்.எல்.சி. பாஸான பொண்ணுதான் வேணுமாம். பாஸானா ஆனியில கல்யாணம். ஃபெயிலானா இன்னும் ஒரு வருஷம் ஸ்கூலுக்கு வரலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தெருவே கட்டுப்பாட்டை மீறி வழி விட்டிருக்கிறது, இவளுக்கு லேட்டாக வேண்டுமாம். "அப்ப வெறும் பேப்பரக் குடுத்துட்டு வா" என்று சீறினேன்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் இறங்கி ஓடினோம். நான் முதல் கணக்கை முடித்து நிமிர்ந்தபோது, எதிர்வரிசையில் அவள் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், வெறும் பேப்பர் கொடுக்கவில்லையா என்று பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்ச கணக்க எப்படிடி போடாம விடுறது?" என்று அழுதாள்.

இரண்டு பேரும் பாஸ். அவளுக்கு என்னைவிட அதிக மார்க். எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. ஆனியில் ஒருநாள் மேளச் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது.

"அதுக்குள்ள என்ன அவசரம்? அந்தப் பொண்ணையும் உன்னை மாதிரி மேல படிக்க வைக்கலாம்ல?" என்றாள், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா. அப்போதுதான் வண்டியில் அவள் சொன்னதைச் சொன்னேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அந்த வண்டிய நகரவே விட்டிருக்க மாட்டேனே."

அதே வண்டியில்தான் நானும் போனேன் என்பதை அம்மாவுக்கு நான் நினைவுபடுத்தவில்லை.